மாலோவை நிறுத்தச் சொல்லி அக்காவுக்கு

ரோஸ்கோஃப்,
ஜூன் 9, செவ்வாய்

பாசத்துக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயத்துக்கும் உரிய ரோசென் அக்காவுக்கு,

தம்பி கூல்வென் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மரிவோனும் நலம். சான் பிரியோவில் உன் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் போதும், விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்து ஜன்னல் வரை போய் வந்துவிட்டேன்.

என் பிள்ளை, உன் மருமகன் மாலோ வீட்டுக்கு வந்துவிட்டான். முப்பத்து நான்கு வயது, இரண்டு சூட்கேஸ், ஒரு பை நிறைய கால்பந்து பூட்ஸ். கிளப்பில் அனுப்பிவிட்டார்கள். "போதும்டா, நிறுத்து" என்று நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுக் கடற்கரையில் ஓடப் போய்விடுகிறான். நீ முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆண்டவள். நீ சொன்னால் கேட்பான்.

அவன் ஓடியது போதாதா, நீயே சொல். பதினெட்டு வயதில் முதல் ஆட்டம், இரண்டாம் பிரிவில். ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம். எண்பத்தோராவது நிமிஷம் இறக்கினார்கள். தன் இடமான இடது ஓரத்தில் குதிரைக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு நின்றான். அவன் இறங்கிய நாலாவது நிமிஷம் எங்கள் கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பரை உள்ளே விட யாரையாவது வெளியே எடுக்க வேண்டுமே, கோச் மாலோவைக் கூப்பிட்டுவிட்டார். பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. மரிவோன் காபி வாங்கிக்கொண்டு வந்து, "எங்கங்க நம்ம பிள்ளை?" என்றாள். "வந்தான், போயிட்டான்" என்றேன். காபி முழுக்க என் மடியில்.

அப்புறம் பெல்ஜியம். இவனைத் தேடிப் பிடித்து அழைத்த கோச்சை, இவன் போய்ச் சேர்ந்த அன்றைக்கே வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். இவன் இறங்கிய ரயிலில்தான் அவர் ஏறினாராம். படியில் நின்றபடி கை கொடுத்து, "உன்ன வச்சுப் பெரிய திட்டமெல்லாம் போட்டிருந்தேன் தம்பி" என்றாராம். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அடுத்து வந்தவருக்கு ஓரத்தில் ஓடுகிறவர்களையே பிடிக்காது. "ஓரத்துல கோல் இருக்கா? இல்லல்ல? அப்ப அங்க என்ன வேலை?" என்று கேட்டு, இரண்டு வருஷம் பின்வரிசையில் காவலுக்கு நிறுத்தினார். காற்றாடியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்த கதை.

பிறகு சைப்ரஸ். அங்கேதான் கொஞ்சம் ராஜாவாக இருந்தான். ஒரே பருவத்தில் பதினோரு கோல். பன்னிரண்டாவதைப் போட்ட சந்தோஷத்தில் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்தான், தொடைத் தசை கிழிந்தது. எட்டு மாதம் படுக்கை. எதிராளி ஒருவனும் கிட்டே வரவில்லை அக்கா, தன்னைத் தானே சாய்த்துக்கொண்டான்!

கடைசியாக மலைப்பக்கம் ஒரு மூன்றாம் பிரிவு கிளப். போன மாதம் கடைசி ஆட்டம், ஜெயித்தால்தான் பிரிவில் தங்கலாம். பதினோரு மணி நேரம் பயணம். பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த மனிதர், கையில் கடுகுச் சாறு வழியும் சாசேஜ். எண்பதாவது நிமிஷம் மாலோ உள்ளே வந்ததும் அவர், "இந்தக் கிழவன எதுக்குப்பா எறக்குறாங்க?" என்றார்.

"அந்தக் கிழவன் என் மகன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க இன்னும் உயிரோட இருக்கீங்களா!"

பதில் சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் பந்து மாலோவிடம் வந்துவிட்டது. ஒருவனைக் கடந்தான். இரண்டாமவன் சறுக்கி விழுந்தான். கோல் முன்னால் எங்கள் ஆட்கள் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "தூக்கிப் போடுடா!" என்று நான் கத்த, தூக்கித்தான் போட்டான். பந்து யார் தலையையும் கேட்கவில்லை. வளைந்து, கீப்பர் கைக்கு மேலே போய், வலையில் விழுந்தது. பருத்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கடுகுச் சாறு முழுக்க என் கோட்டில். கறை இன்னும் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கிளப் தலைவர் மாலோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, பூச்செண்டு கொடுத்து, "அடுத்த வருஷம் முழுக்க இளவட்டம்தான், மாலோ. கடிதம் பாத்திருப்பே" என்றார். இனி நீ வேண்டாம் என்கிற அந்தக் கடிதத்தை அன்று காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம். காரில் நான் கேட்டேன்:

"ஆட்டத்துக்கு முன்னாடியே படிச்சிட்டியா?"

"பஸ்லயே படிச்சேன்ப்பா."

"படிச்சிட்டா அப்படி ஓடினே? அவங்களுக்காக?"

"முன்னாடி இடம் காலியா இருந்துச்சு. ஓடினேன்."

நான் அழவில்லை, கண்ணாடியில் பனி.

இப்போது நடப்பதைக் கேள். காலையில் கடற்கரை, மாலையில் கடற்கரை. மரிவோன் சுட்ட வெண்ணெய் கேக்கைத் தொடுவதில்லை. அவன் போன் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அது ஒரு முனகு முனகினால் மூன்று பேரும் எழுந்து நிற்கிறோம். நேற்று பல் டாக்டர். முந்தாநாள் யாரோ சோபா விற்கிறவன். நான் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த துறைமுகத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சி, அவனுக்கு ஒரு வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன். கப்பலில் ஏறும் கார்களை வரிசையாக நிறுத்துகிற வேலை. திங்கட்கிழமை சேரலாம். "யோசிக்கிறேன்ப்பா" என்கிறான். என்ன யோசனை! அவன் முழங்காலைப் பார்த்த டாக்டரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. அவனை உட்கார வைத்து, உன் பழைய குரலில், முடிந்தது முடிந்ததுதான் என்று சொல். என் நெஞ்சு இனி ஒரு பருவத்தைத் தாங்காது.

உனக்கு நீண்ட ஆயுளும், உன் முழங்காலுக்கு நல்ல வெயிலும், எங்கள் வீட்டுக்கு ஒரு பிடி நிம்மதியும் கிடைக்க அந்தப் புனித அன்னாள் அருள் புரியட்டும்.

பணிவுடன்,
கூல்வென்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. பின்லாந்தில் ஏதோ ஒரு கிளப், வடக்குக் கோடியில். ஒரு பருவத்துக்கு வருகிறாயா என்று கேட்கிறார்கள். மாலோ போனைக் கையால் மூடிக்கொண்டு, "வேணாம்னு சொல்லிடறேன்ப்பா. நீங்க சொன்னதுதான் சரி. திங்கக்கிழமை துறைமுகத்துக்கே போறேன்" என்றான். இந்த வார்த்தைக்குத்தான் அக்கா இத்தனை நாளாக மெழுகுவத்தி ஏற்றினேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். என் வாய்க்குள் என்ன புகுந்ததோ, "எந்த ஓரம்னு கேளுடா முட்டாளே!" என்று கத்திவிட்டேன். கேட்டான். இடது ஓரமாம். போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த ஒரே அந்நிய வார்த்தையான "ஓகே"யை நாலு தடவை சொன்னேன். நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். நானும் மரிவோனும் அவனோடு போகிறோம். அங்கே அவனுக்குக் கத்த ஆள் வேண்டாமா?