ஐந்தாம் நாள் விரதமும் என் முதல் கதையும்

இன்று எப்படியும் என் கதையை இவரிடம் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கதை என்றால் எனக்குச் சோறும் வேண்டாம். மகளை நித்திரையாக்கக் கதை சொல்லத் தொடங்கினால், அவள் தூங்கின பிறகும் மிச்சத்தைச் சுவருக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். அப்படி ஒன்றைத்தான் இங்கே ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதிவிட்டேன். மலர் செய்கிற இளங்கீரன் அண்ணைக்கு இன்று ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும். இவர் சரி என்றால்தான் அனுப்புவேன். என் எழுத்துப் பிழையைப் பார்த்து முந்நூறு குடும்பம் சிரித்தால் நான் பிறகு கோயில் பக்கமே போகமாட்டேன்.

இவர் பெயர் பிரவீணன். வாயால் சொல்ல வெட்கம், எழுதலாம்.

கந்தசஷ்டி ஐந்தாம் நாள். நாங்கள் இரண்டு பேரும் விரதம். கதையும் அதுதான். விரதகாரர் ஒருவர் வேலை முடிந்து வருகிற வழியில், ரெயில் ஸ்ரேசனில் ஒளித்து நின்று பன்றி இறைச்சிச் சொசேச் சாப்பிடுகிறார்.

வேலையால் வந்தவர் காலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கதை எழுதின கொப்பியை நீட்டினேன். முதல் பக்கத்திலேயே இவருக்கு நெற்றி வேர்த்தது. வெளியே நவம்பர் குளிர்.

“பிழை கனக்கவோ?”

“இதை உமக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானா நினைச்சு எழுதினது.”

“சனம் நம்பாது. சொசேச்சை எடுத்துப்போட்டு வாழைப்பழம் எண்டு போடும்.”

“விரதகாரர் வாழைப்பழம் சாப்பிட்டால் அதிலை என்னப்பா கதை இருக்கு?”

இவர் கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. கதை அவ்வளவு மோசம்.

“அப்ப கிழிச்சுப் போடட்டோ?”

“கிழியும்.” வலு அவசரமாகச் சொன்னார்.

என் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் இவர் இளகிவிட்டார்.

“சரி, அழாதையும். கொஞ்சம் திருத்துவம். கடுகுச் சோஸ் எண்டு எழுதியிருக்கிறீர். அது பிழை. அவங்கள் மேலாலை கறித்தூள்தான் தூவுறவங்கள்.”

திருத்தினேன்.

“கடை மேடையிலை இல்லை. படிக்குக் கீழை.”

அதையும் திருத்தினேன். இவ்வளவு அக்கறையாக ஒருநாளும் என்னோடு இருந்ததில்லை.

“நாலு நாளும் சாப்பிட்டவர் எண்டது சுத்த அநியாயம். ரெண்டு நாள்தான்.”

பேனை நின்றது.

“எந்த ரெண்டு நாள்?”

“செவ்வாயும் வியாழனும்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்தினார்.

நான் கொப்பியைப் பார்த்தேன், இவர் சப்பாத்தைப் பார்த்தார். மணி ஆறாகப் பத்து நிமிடம்.

“அனுப்பட்டோ? இல்லாட்டி முதல் உங்கடை அம்மாவுக்குப் போன் எடுத்து வாசிச்சுக் காட்டட்டோ?” பயந்து பயந்துதான் கேட்டேன்.

“வேண்டாம், வேண்டாம். அனுப்பும். தாரும், நானே படம் எடுத்து அனுப்புறன்.” பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. “இஞ்சேரும், கீழை ‘யாவும் கற்பனை’ எண்டாவது ஒரு வரி போடுமன்.”

“ஏலாதப்பா, நான் விரதம். பொய் எழுதக்கூடாது.”