சந்தையைக் கலக்கிய அரைச்சவரம்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்காரர்கள் கரடிக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை, அரைச்சவரத்துக்குத்தான் பயந்தார்கள்.

நான் அங்கே தொழுநோய்த் தடுப்பு ஊழியன். என்னைக் கண்டாலே ஊர் காட்டுக்குள் ஓடிவிடும். சந்தையில் தகரக்கொட்டகை போட்டுச் சவரம் செய்த அந்த மனுசரிடம் மட்டும் தாங்களாகவே வந்து கழுத்தை நீட்டுவார்கள். "வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்" என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவைத்தேன். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுவாரமே காதில் ஒரு கோழி இறகைச் செருகிக்கொண்டார். வந்தவன் பிடரியில் அதைத் தடவி, "கண்ண மூடு. இன்னா தெரியுது?" என்பார். ஒன்றும் தெரியவில்லையென்றால் பாதி வழித்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். டாக்டரைப் பார்த்துத் திரும்பினால்தான் மறுபாதி. போகப்போக இருமினவன், பிள்ளைக்குத் தடுப்பூசி போடாதவன், எல்லாருக்கும் இதே தண்டனை. அவருக்கே அரைச்சவரம் என்று பேர் விழுந்துவிட்டது. ஒரு வனக்காவலரையும் விடவில்லை.

"ரெண்டு தபா கொட்டாவி வுட்டீங்க. ரத்தம் கம்மி. போய்ட்டு வாங்க."

ஒரு சந்தை நாளில் நெல்லிவாசல் பக்கத்துச் சாமை விவசாயி ஒருவர் வந்தார். பாதி வழித்தபின் இறகு பிடரிக்குப் போனது. உணர்ச்சியே இல்லை. மனுசர் அழாத குறை.

"அடுத்த வாரம் பொண்ணுக்குக் கண்ணாலம். சம்பந்தி வூட்டுக்காரங்க சந்தையிலதான் இருக்காங்க. இப்பிடிப் போனா வியாதிக்காரன்னு கண்ணாலத்தையே நிறுத்திருவாங்க. முடிஞ்சப்புறம் போறேன்."

"அப்புறம்னு சொன்னவன் எவன் போயிருக்கான்? வெரலு போனா திரும்ப மொளைக்குமா?"

 அரைச்சவரம் கண்ணாடிப் பக்கம் திரும்பி, தினம் நாலு தடவை எண்ணெய் போட்டு வளர்த்த தன் மீசையில் பாதியை ஒரே இழுப்பில் வழித்தெறிந்தார். 

"எழுந்துருய்யா. பந்தயத்துல ரெண்டு பேரும் தோத்துட்டோம்னு சொல்லிக்கலாம்."

கைகோத்துக்கொண்டு சந்தை நடுவே நடந்தார்கள். சம்பந்தி எதிரே வந்தார்.

"இன்னாங்க இது கோலம்?"

"சேவச்சண்டைப் பந்தயங்க! உங்க சம்பந்தி சேவலும் தோத்துச்சி, என்னுதும் தோத்துச்சி!"

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டார்.

விவசாயிக்கு மறுபாதியை வழித்தவர் தன் மீசையைத் தொடவில்லை. கேட்டால், "ரெண்டு பேரும் வழிச்சிட்டா பந்தயம் பொய்யின்னு ஆயிடும் சார்" என்றார். கல்யாணம் முடிகிறவரை அப்படியேதான் திரிந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதி மீசையோடு அவர் சாமைச்சோறு சாப்பிட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் எச்சில் கையோடு அந்த மனுசரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.