மேனேஜருக்கு மூச்சு வாங்கிய மதியம்

அன்பும் மரியாதையும் ஒருசேர உரித்தான அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுந்து நின்று வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பத்தொன்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், தெரிந்தே ஒரு பிழையை முதல் வரியில் விட மாட்டேன். ஆகவே, வீடு நலம், சாவிக்கொத்து நலம், செடிகள் பெரும்பாலும் நலம். மீனைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லியிருப்பேன். "அவர் பேசினா அவருக்கு மூச்சு வாங்குது, நீ பேசினா எனக்கு மூச்சு வாங்குது. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புடா, நான் படிச்சுக் காட்டறேன்" என்று அக்கா வைத்துவிட்டாள். அக்கா, நடுநடுவே நிறுத்தி என்னைத் திட்டாதே. மொத்தமாகக் கடைசியில் திட்டிக்கொள்.

நிமோனியாவோடு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வாயில் மாஸ்க்கோடு நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை "மேனேஜர்" என்பதுதான். டாக்டர் பயந்துபோய் ஆஸ்பத்திரி மேனேஜருக்கு ஆளனுப்பினார். அது உங்கள் மஞ்சள் மீனின் பெயர் என்றும், பத்து மணிக்கு வெளியே வந்து, தொட்டியை ஒரு சுற்று மேற்பார்வை செய்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் செடிக்குப் பின்னால் போய்விடுவதால் வந்த பெயர் என்றும் நான் அவருக்கு விளக்கினேன். அன்றே உங்கள் வீட்டுக்குக் குடிவந்து மேனேஜரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

ஏழு நாள் ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். தொட்டியில் காற்றை ஊதும் அந்தச் சின்னப் பம்ப் குபுகுபு குபுகுபு என்று காதுக்குள்ளேயே குமிழிவிட்டது. தண்ணீருக்குள் இருக்கிற ஜீவனுக்குக் காற்று எதற்கு? நமக்கு யாராவது மூக்கில் தண்ணீர் ஊற்றுகிறார்களா? இப்படி யோசித்து, இது ஏதோ அலங்காரம் என்று முடிவுகட்டி, சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கினேன். எழுந்து பார்த்தால் மேனேஜர் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயைத் திறந்து மூடிவிட்டுக் கீழே போனார். சற்று நேரத்தில் மறுபடியும் வந்தார். அடடா, பசி என்று ஒரு சிட்டிகை தீனி போட்டேன். மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி போட்டேன். இப்படியே டப்பா பாதி காலியான பிறகு, தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மேலே வந்து வாயைத்தான் திறந்தார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் உங்கள் செருப்புமாக மீன் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் நிதானமானவர். "என்ன மீன் சார்?" என்றார். "மஞ்சளா இருக்கும்" என்றேன். பம்பை அணைத்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னதும் அவர் கேட்டார்: "பம்ப்ப ஏன் சார் நிறுத்தினீங்க? தண்ணில கரைஞ்சிருக்கற காத்தத்தான் அது சுவாசிக்குது."

"தண்ணிக்குள்ள காத்து இருக்கா?"

"கொஞ்சூண்டு. வெளிக்காத்துல நூத்துல இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். தண்ணில நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. அதுலயும் முக்கால்வாசிய மீன் பிடிச்சுக்கும். செவுள்ல தண்ணி இந்தப் பக்கமா ஓடுது, ரத்தம் அதுக்கு எதிர்ப்பக்கமா ஓடுது. ரெண்டும் உரசிப்போறப்ப கடைசிச் சொட்டுவரைக்கும் வாங்கிக்கும். நாம இழுக்கற மூச்சுல கால்வாசியத்தான் எடுத்துக்கறோம், மிச்சத்த அப்படியே வெளிய ஊதிடறோம்."

அத்தான், நான் அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்திநாலு வருஷமாக எவ்வளவு ஊதாரித்தனமாக மூச்சு விட்டிருக்கிறேன்!

"உக்காராதீங்க சார், ஓடுங்க. கொஞ்சம் தண்ணிய மாத்துங்க, பம்ப்ப போடுங்க, தீனியக் கண்ணுல காட்டாதீங்க" என்று அவர் விரட்டினார். வந்த வேகத்தில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தேன். பம்பின் ஒயர் முழங்கையில் சிக்கி, பம்ப் நேராகப் பக்கெட்டுக்குள் குதித்தது. இனி ஒரே வழிதான். குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, காற்றோடு கலக்கும்படி திரும்ப ஊற்றினேன். மொண்டேன், ஊற்றினேன். பாதி தொட்டியில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது. தரையில் விழுந்தது கீழ்வீட்டில் சொட்டியது. கீழ்வீட்டுத் தையல்கார அம்மா கையில் கத்தரிக்கோலோடு மேலே வந்தார்.

"என்ன சார் இது, என் துணியெல்லாம் நனையுது!"

"மீனுக்கு மூச்சு முட்டுதும்மா."

அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்தக் குவளையக் குடுங்க. நீங்க ஊத்தறது மீனுக்கில்ல, எங்க வீட்டுக்கு" என்று வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷம் ஊற்றிவிட்டு, என்னிடம் குவளையைத் தந்துவிட்டுப் பம்பைக் கீழே எடுத்துப்போனார். தையல் மிஷின் திருப்புளியால் பிரித்து, இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் காட்டிக் காயவைக்கிறாராம்.

நான் தனியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மேனேஜரின் செவுள் மூடி திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிவப்பாகச் சீப்புப் பற்கள் மாதிரி என்னவோ தெரிந்தது. அவ்வளவுதான் அத்தான், ஒரு நகத்தளவு. அங்கேதான் தண்ணீருக்கும் உயிருக்கும் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அப்போது சட்டென்று உங்கள் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இருந்த பாட்டில் நினைவுக்கு வந்தது. ஆக்சிஜன் குழாயில் மாட்டிய பாட்டில். அதுவும் குபுகுபு என்றுதான் குமிழிவிட்டது. அது என்ன என்று கேட்டதற்கு நர்ஸம்மா சொன்னார்: "காத்து ஈரமாப் போகணும்னு தண்ணி வழியா விடறோம். உங்க அத்தான் நுரையீரல்ல முப்பது கோடி காத்துப் பை இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு விரிச்சா இந்த வார்டு தரை முழுக்க மூடிடலாம். பையோட சுவரு தலைமுடியில நூத்துல ஒரு பங்கு கனம்கூட இல்ல. அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காத்து. ஆக்சிஜன் உள்ள போகுது, கரியமில வாயு வெளிய வருது. இப்ப கொஞ்சம் பையில சளி தேங்கிடுச்சு, அதான்."

நான் தலையாட்டினேன். தாளின் கனம் பார்த்தே வாழ்ந்தவன் நான். அவ்வளவு மெல்லிய ஒன்று, ஒரு வார்டு அகலத்துக்கு, உங்கள் பனியனுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை மடித்தவர் யார், எப்படி மடித்தார், ஒரு சுருக்கமும் விழாமல்? சந்தையில் நீங்கள் பேரம் பேசும்போதும், என்னைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றும்போதும், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒருநாளாவது கவனித்தோமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மீனைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன் என்பது பாதிப் பொய். உங்கள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அடுத்தது ஏறுமா என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை சுற்றியது. ஓடிவந்துவிட்டேன். ஆனால் நேற்று ஒன்றரை மணிநேரம் அந்த மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயமில்லை. பிரமிப்பாகத்தான் இருந்தது. அப்படியானால் உங்களையும் பார்க்க முடியும். வியாழக்கிழமை வருகிறேன், அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உங்கள் பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

பொழுது சாயும் முன்னே தையல்கார அம்மா கலங்கிய தண்ணீரில் பாதியை மாற்றி, பம்பையும் ஓடவைத்துவிட்டார். குபுகுபு என்ற சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். இப்படியாக, உங்கள் மேனேஜரின் உயிரை நான் காப்பாற்றினேன் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உள்ளே இழுப்பதெல்லாம் உங்களுக்குச் சுகமாக இறங்கட்டும், வெளியே விடுவதோடு நோயும் போகட்டும்.

இப்படிக்கு,
மூச்சுள்ளவரை தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், விசாரித்துப் போகலாம் என்று கடைக்காரரே வந்தார். தொட்டியைப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், மஞ்சள்னதும் நான் தங்கமீன்னு நெனச்சுட்டேன். இது குராமி! இதுக்குத் தலைக்குள்ள தனியா ஒரு காத்தறை இருக்கு. அப்பப்ப மேல வந்து வாயால காத்த முழுங்கிட்டுப் போறதுதான் இதோட வழக்கம். பம்ப் இல்லாமலே ஜம்முனு இருக்கும். மேல வரவிடாமத் தடுத்தாத்தான் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்."

ஆகவே அத்தான், நான் எந்த உயிரையும் காப்பாற்றவில்லை. முதல் ஏழு நாளும் மேனேஜர் இதையேதான் செய்திருப்பார், நான்தான் நின்று பார்க்கவில்லை. தொட்டியில் இருந்த ஒரே ஆபத்து நான் போட்ட தீனிதான். மேலே எழுதிய பெருமையை எல்லாம் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே மூழ்கிச் சாகக்கூடிய மீன் என்றதும் என் கை நின்றுவிட்டது. தையல்கார அம்மாவையும் கூப்பிட்டேன். மூவரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இரண்டு நிமிஷம் கழித்து மேனேஜர் செடிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் மேலே வந்து, ஒரே ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிப்போனார். வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர் கைதட்டினோம்.