அரைக்காது கிடா

இடுப்பில் கத்தியைச் செருகித் திருகியது போலிருந்தது. இசக்கிப்பாண்டி சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த முட்டைக்கோஸ் இலையைக் கிடா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முக்குத் திரும்பும்போது 'ம்மே' என்று ஒரு நக்கல் வேறு.

"நான் வளத்த கிடா! என்னக் கண்டு ஓடுதுன்னா என்ன திமிரு இருக்கணும்?"

பின்னால் வந்த மனைவி செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள். "அத விட்டுருங்க. வேற ஒண்ணு வாங்கிக் குடுத்திருவோம்."

"ஏட்டி, நேந்தது அத! அரைக்காதுக்குப் பதிலா வேற எதையோ கொண்டுபோயி நிறுத்துனா, மாடசாமிக்கு என்ன கண்ணு தெரியாதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மகள் ஷாலினி டைபாய்டில் கிடந்தபோது நேர்ந்துகொண்ட கிடா அது. குட்டியாக இருக்கையிலேயே தெருநாய் இடது காதில் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டது. அவர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் சந்துகளில் மேய்ந்து வளர்ந்தது. போன வருடம் தோல் பட்டறையில் கட்டுத் தூக்கியபோது இசக்கிப்பாண்டிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சொந்த ஊருக்குப் போய் இரண்டு மாதம் வைத்தியம். திரும்பி வந்ததிலிருந்து கிடா அவனை அண்டவே விடவில்லை. தூரத்தில் கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பொட்டும் தெரியும். கிட்டே போனால் வால்தான் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை மாடசாமி கோயில் கொடை விழா. நேர்ந்ததைக் கொடுக்காமல் இழுத்தடிப்பதால்தான் இடுப்பு இந்தப் பாடு படுத்துகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

பழைய சாமான் கடை ராஹில்தான் அந்தக் கேமராவைக் காட்டினான். இலை நிறத்தில், சோப்புப் பெட்டி அளவில் இருந்தது.

"காட்டுல மரத்துல கட்டி வைக்கிறது அண்ணா. எது குறுக்க போனாலும் தன்னால கிளிக். பெரிய கொம்பு மான் எத்தன மணிக்கு எந்த வழியா வருதுன்னு பாத்துக்குவாங்க. தொரத்தவே மாட்டாங்க. தொரத்துனா உஷாராயிடும்."

"இத மொதல்லயே சொல்லிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும்லா!"

செவ்வாய்க்கிழமை காய்கறிக் கழிவு கொட்டுகிற இடத்தைப் பார்த்துக் கேமராவைக் குழாயில் கட்டினான். சாயந்தரம் முந்நூற்று நாற்பது படம் விழுந்திருந்தது. ஒன்றில்கூடக் கிடா இல்லை. எல்லாம் பொதுக்கக்கூஸுக்கு வாளியோடு போகிற பெண்கள்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, எட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க அவசரத்தையெல்லாம் போட்டோ புடிக்காரே, இந்த மனுசனுக்கு வெக்கமில்ல?"

"நான் ஆட்டத்தான் புடிச்சேன்! ஆடு வார வழியில நீங்க ஏன் வாரீங்க?"

ஒரு வாளி அவன் தலைக்கு மேலே பறந்து போனது.

புதன்கிழமை கேமராவை மெயின் ரோட்டு ஆம்லெட் வண்டிக்கு எதிரே மாற்றினான். இந்த முறை கிடா விழுந்தது, ஒரே ஒரு படத்தில். அதையும் பாதி மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கோயில் கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம். கையில் கொடைக்குக் கட்டிய விரதக் காப்பு. வாயில் ஆம்லெட் வைத்த பாவ் ரொட்டி.

ராஹில் கடையில் எல்லாரும் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது பிரம்மநாயகமே உள்ளே வந்தார்.

"வே இசக்கி, சாமி காரியத்துக்குக் கேமரா வச்சீரா, என் வாய்க்கு வச்சீரா?"

"நீருதான் கிடாவ மறைச்சுக்கிட்டு நின்னேரு! வெரதத்துல முட்ட திங்கதுதான் திங்கேரு, கொஞ்சம் தள்ளி நின்னு தின்னா என்ன?"

பிரம்மநாயகத்தின் முகம் கறுத்தது. "வெள்ளிக்கிழம பாப்போம்வே," என்று போய்விட்டார்.

அன்றைக்கே கேமராவைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றினான். இருப்புக் கொள்ளாமல் மணிக்கொரு தரம் போய்த் திறந்து பார்த்தான். கிடா அந்தத் திசைக்கே வரவில்லை.

"நீங்க போயிப் போயி நோண்டுனா எப்படி வரும்?" என்றான் ராஹில். "மோப்பம் புடிச்சிரும். அதுவும் நீங்க தோல் பட்டறை. ஒங்க மேல அடிக்கிறதே ஆட்டுத்தோல் வாசன. செத்துப்போன சொந்தக்காரன் வாசனையோட போனா எந்த ஆடு நிக்கும்?"

"முப்பது வருசமா இந்த வாசனையிலதாம்ல எங்க வீட்டுல ஒல கொதிக்கி!" என்று இசக்கிப்பாண்டி சீறினான். ஆனாலும் வீட்டுக்குப் போய்த் தன் சட்டையை ஒரு தரம் மோந்து பார்த்தான். ராஹில் சொன்னது சரிதான்.

அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை ராஹிலையே போய்க் கேமராவை எடுத்துவரச் சொன்னான். சாயந்தரம் ராஹில் படங்களைக் கொண்டுவந்தான். கிடா காலை ஐந்து இருபதுக்குக் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்க வந்திருந்தது. எல்லாப் படத்திலும் வலது பக்கம் மட்டும்.

"இடது காதக் காட்டுதா பாரு. களவாணிப்பய."

வெள்ளிக்கிழமை விடியுமுன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்தான். கொடியில் கிடந்த அவன் சட்டை அத்தனையிலும் தோல் நாற்றம். பக்கத்துக் கொடியில் அடுத்த வீட்டு ஷைஸ்தா தன் புருஷனின் குர்தாவைக் காயப் போட்டிருந்தாள். போன பக்ரீத்துக்குப் பிரியாணி கொடுத்த புண்ணியவதி, ஒரு குர்தாவுக்கா கோபப்படப் போகிறாள்? எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஐந்து இருபதுக்குக் கிடா வந்தது. நின்றது. குர்தாவை மோந்து பார்த்தது. பிறகு நெற்றியை அவன் வயிற்றில் வைத்து முட்டிக்கொண்டு நின்றது. இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பமாவது அப்பன அடையாளம் தெரிஞ்சுதே," என்று சொல்லிக் கழுத்தில் கயிற்றைப் போட்டான்.

கோயில் முன்னால் கூட்டம். நேர்ந்த கடனைச் செலுத்தியவர்கள் பெயரைப் பிரம்மநாயகம் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். கிடாவோடு வந்த இசக்கிப்பாண்டியைப் பார்த்ததும் நிறுத்தினார். செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வே, அரைக்காதுன்னுல்லா சொன்னீரு? இதுக்கு ரெண்டும் முழுசா இருக்கே?"

இசக்கிப்பாண்டி அப்போதுதான் இடது காதைப் பார்த்தான். தடவிப் பார்த்தான். இழுத்தும் பார்த்தான்.

"வளந்திருக்கும்!"

"காது வளருமாவே?"

"மாடசாமி நெனச்சா வளராதா? கமிட்டித் தலைவரா இருந்துக்கிட்டு நம்பிக்க இல்லாமப் பேசுதீரே! முட்ட திங்கவருக்கு இதெல்லாம் எங்க புரியும்?"

கூட்டம் சிரித்தது. பிரம்மநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் மேல் ஊற்றினார். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கிடா சிலுப்பவில்லை. இரண்டாவது செம்பு ஊற்றினார். மூன்றாவதும் ஊற்றினார். கிடா குர்தாவின் நுனியை மென்றுகொண்டு நின்றது.

"சிலுப்பு! சிலுப்பித் தொலை! நாலு நாளா என்ன என்ன பாடு படுத்திட்ட!"

"மோத்தி!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கிடா தலை முதல் வால் வரை படபடவென்று சிலுப்பி, அவன் குர்தாவெல்லாம் மஞ்சளாக்கிவிட்டு, கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. அங்கே ஷைஸ்தா நின்றுகொண்டிருந்தாள்.

"அரே, குர்தாவும் எங்களுது, பக்ராவும் எங்களுது! உங்களுக்கு என்ன ஆச்சு அண்ணா? காலைல இருந்து ரெண்டையும் தேடுறேன்!"

"இது ஒன் ஆடுன்னா என் ஆடு எங்க?"

ஷைஸ்தா செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி தரையைப் பார்த்தாள்.

"போன வருசம் ஒங்க இடுப்புக்கு ஸ்கேன் எடுக்கணும்னு ஊர்லருந்து போன் வந்துதுல்லா... கையில வேற என்ன இருந்துது? இவங்ககிட்ட வித்துதான் பணம் அனுப்புனேன். சொன்னா நீங்க ஸ்கேனுக்கே போயிருக்க மாட்டீங்க."

இசக்கிப்பாண்டி குதித்தான். இடுப்பு வலி மறந்தே போய்விட்டது. "சாமிக்கு நேந்த கிடா! அத அறுத்துத் தின்னது எவன்? அவன் வயிறு வெளங்குமா? சொல்லும்மா, எந்தப் பாவி தின்னான்?"

ஷைஸ்தா திகைத்துப்போய்ச் சொன்னாள். "நீங்கதான் அண்ணா! ஊர்ல இருந்து பக்ரீத் அன்னைக்குத்தானே வந்து எறங்குனீங்க? கறி பஞ்சு மாதிரி இருக்குன்னு ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்களே!"

பிரம்மநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இசக்கிப்பாண்டி, மாடசாமிக்கு ஒரு கிடா பாக்கி."