பேரிணைப்பு மண்டபத்தின் மூன்றாவது கதவு

அந்தப் பெருநிலத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். கிடைத்துவிட்டால் சொன்னவர் தலைக்குத்தான் தொல்லை. ஒரு காலத்தில் கடலார் என்ற கூட்டத்தார் கப்பலில் வந்து அதை ஆண்டார்கள். ஆண்டார்கள் என்றால், நிலத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கோல் வைத்துக் கோடு கிழித்தார்கள். கோடு ஆற்றின் நடுவே போயிற்று, மாட்டுத் தொழுவத்தின் நடுவே போயிற்று. சில வீடுகளில் அடுப்பு ஒரு நாட்டுக்கும் அம்மி மறுநாட்டுக்கும் சொந்தமாயின. சாலைகளும் போட்டார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நேராகக் கடலுக்கு ஒரு சாலை. பக்கத்து நாட்டுக்குப் போக ஒரு வண்டித்தடம்கூடக் கிடையாது. கடலாருக்கு அது எதற்கு?

பிறகு கடலார் போனார்கள், அரசர்கள் வந்தார்கள். கோடு கிழித்தவன்கூட அந்தக் கோட்டை இவர்கள் அளவுக்குப் பயபக்தியோடு கட்டிக்காத்திருக்கமாட்டான். ஒரு நாட்டுக் குடி மறுநாட்டுக் குடியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, மீறினால் தூக்கு என்று சட்டம் வந்தது.

உவர்நாட்டில் ஒரு வற்றிய ஏரி இருந்தது. வெட்ட வெட்ட உப்பு. ஆனால் ஒரு மணி தானியம் விளையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வரகுநாடு. அங்கே வரகு கொட்டிக் கிடக்கும். நாக்கில் வைக்க உப்புக் கிடையாது. சட்டம் முகம் பார்க்காதே என்றதே தவிர, பாறைமேல் மூட்டையை வைக்காதே என்று சொல்லவில்லை. ஆகவே கோட்டின்மேல் கிடந்த ஒரு தட்டைப் பாறையில் உவர்நாட்டார் உப்பைக் குவிப்பார்கள். முரசைத் தட்டுவார்கள். திரும்பிப் பாராமல் மணல்மேட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்தார் வந்து, உப்புக்குப் பக்கத்தில் தகுந்த அளவு வரகைக் குவித்துவிட்டு, பதில் முரசு தட்டிவிட்டுப் போவார்கள். அளவு பிடித்திருந்தால் இவர்கள் வரகை எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் தொடாமல் காத்திருப்பார்கள். பேச்சில்லை, முகமில்லை, ஆனால் ஒரு பிடி ஏமாற்று இருந்ததில்லை. திரும்பிப் பார்ப்பதுதான் அங்கே பெரும்பாவம். பார்த்தவர் வீட்டில் பெண்ணெடுக்கக்கூட மாட்டார்கள்.

உவர்நாட்டு முரசு சடைச்சியின் கையில் இருந்தது. வரகுநாட்டு முரசைத் தட்டியவள் அவள் தங்கை வெள்ளச்சி. சட்டம் வருமுன்பே அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். அக்காளும் தங்கையும் முகம் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் வெள்ளச்சி தட்டினால் மூன்றாவது அடி கொஞ்சம் தாமதமாக விழும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். எதிலும் ஒரு மூச்சு பின்னால்தான் வருவாள். அந்தத் தாமதம் காதில் விழுந்தால், தங்கச்சி உயிரோடு இருக்கிறாள், சாப்பிட்டாள் என்று சடைச்சி அறிந்துகொள்வாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்படி இருக்கையில் அரசர்கள் எல்லாரும் ஒரு பெரிய விருந்தில் கூடி, தின்று முடித்த கையோடு ஒரு முடிவெடுத்தார்கள். இனிப் பெருநிலம் முழுவதும் ஒரே சந்தை. அதன் பெயர் பேரிணைப்பு. உவர்நாட்டுக்கு அதைச் சொல்ல இணைப்பமைச்சர் மேகவண்ணர் குடைபிடிக்க ஆளோடு வந்தார். எல்லைகள் இன்றோடு ஒழிந்தன என்று அவர் சொன்னதும் ஊரே அழுதது. சடைச்சி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"அப்பம் எந் தங்கச்சிய நான் போய்ப் பாக்கலாமாய்யா?"

மேகவண்ணர் வருத்தமாகச் சிரித்தார். "அம்மா, எல்லை ஒழிந்தது பண்டங்களுக்கு. மனிதர்களைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை. அதற்குத் தனியே ஒரு விருந்து நடக்கும்" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான் என்று ஊரார் முணுமுணுத்தார்கள்.

அடுத்த மாதமே பாறைமேல் ஒரு மண்டபம் எழும்பியது. வியாபாரம் வெயிலில் நடப்பது பேரிணைப்புக்கு அழகல்லவாம். சன்னல் இல்லாத நீண்ட மண்டபம். உவர்நாட்டுப் பக்கம் ஒரு கதவு, வரகுநாட்டுப் பக்கம் ஒரு கதவு. உப்பைக் கதவுக்குள் தள்ள வேண்டும், முரசு தட்ட வேண்டும், பதில் முரசு கேட்டதும் கதவடியில் வரகு வந்திருக்கும். பக்கச் சுவரில் கடற்சாலையைப் பார்த்து மூன்றாவதாக ஒரு கதவும் இருந்தது. அது எதற்கு என்று யாரோ கேட்டபோது, காற்றோட்டத்துக்கு என்று பதில் வந்தது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பிறகு வரகு குறைந்தது. கேட்டதற்கு ஓர் ஆணை வந்தது: ஒவ்வொரு பண்டமும் தான் பிறந்த இடத்தை மெய்ப்பிக்க வேண்டும். உப்பு இந்த ஏரியில் பிறந்தது என்றார்கள் ஊரார். அறிஞர் குழு ஒன்று வந்து ஏரியை நக்கிப் பார்த்தது. இந்த ஏரி ஆதியில் கடலாக இருந்தது, கடல் கடலாருடையது, ஆகவே உங்கள் உப்பு அயல்நாட்டு உப்பு என்று தீர்ப்புச் சொல்லிப் பாதியை வரியாக எடுத்துக்கொண்டது. மீதிப் பாதிக்கு மண்டபத்துள் நிறுத்துகூலி, நிழற்கூலி, கதவு திறந்து மூடிய கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூட்டை நிறைய உப்பை உள்ளே தள்ளினால் முறத்தளவு வரகு வெளியே வந்தது.

குறை சொல்லப் போனவர்களிடம் அதிகாரிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாங்கள் என்ன செய்ய? அந்தப் பக்கத்தார் பேராசைக்காரர்கள்" என்றார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமல்லவா? உவர்நாட்டுப் பிள்ளைகள் வரகுநாட்டானைக் கல்லால் அடிக்கும் விளையாட்டு விளையாடத் தொடங்கினார்கள். பசியில் சடைச்சிக்கே தங்கைமேல் ஆத்திரம் வந்தது. கூடப் பிறந்தவள் வயிற்றில் அடிக்கிறாளே பாவி என்று வாய்விட்டே திட்டினாள்.

அப்படித் திட்டிக்கொண்டே ஒரு பகலில் முரசைத் தட்டியவள், பதில் முரசைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது அடி தாமதமாக விழவில்லை. எல்லா அடியும் சரியாக, அளந்து வைத்ததுபோல் விழுந்தது. எப்போதிருந்து இப்படி என்று யோசித்தாள். மண்டபம் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். முதலில் மண்டபத்தின் புதுமையிலும் பிறகு கோபத்திலும் காது கொடுத்துக் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

சோதித்துப் பார்க்க, சின்ன வயதில் இருவரும் விளையாட்டாகத் தட்டும் கோணல் தாளத்தைத் தட்டினாள். வெள்ளச்சி கேட்டால் அதைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கவே மாட்டாள். மண்டபம் அதே அளந்த அடிகளைத் தந்தது. மறுநாள் உப்பும் கொண்டுபோகவில்லை, முரசும் தட்டவில்லை. வெறுங்கையோடு கதவுக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பதில் முரசு தானாகக் கேட்டது. யாரும் கேட்காத கேள்விக்கு மண்டபம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா, செத்தார்களா? யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமலே வாழ்ந்து பழகிய சனம். எதிரே நிற்பது யார் என்று பார்க்கத் தோன்றவேயில்லை. சடைச்சி வீட்டுக்கு வந்து, சாக்குத் தைக்கும் மாடத்தியைக் கூப்பிட்டாள்.

"மாடத்தி, மனுசந்தான் போகக் கூடாது. பண்டம் போகலாம்லா? என்னைய ஒரு சாக்குல வச்சுத் தைச்சிரு. மேலாக்க ரெண்டு படி உப்பு கொட்டு."

மாடத்தி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "கிறுக்குப் பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அதத்தான் பாக்கப் போறேன். வெள்ளச்சி இருக்காளா இல்லையான்னு தெரியாம எனக்குக் கஞ்சி எறங்கல."

மாடத்தி அழுதுகொண்டே தைத்தாள். தையலை மட்டும் நெருக்கமாகப் போடாமல் இடைவெளி விட்டாள். ஊரார் மூட்டையைத் தூக்கிக் கதவுக்குள் தள்ளினார்கள். கதவு மூடிக்கொண்டது.

சாக்கின் இழை வழியாகச் சடைச்சி பார்த்தாள். அவ்வளவு நீள மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு முரசு. அதன் முன்னால் காதில் பஞ்சடைத்த ஓர் ஊழியர், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். உவர்நாட்டுப் பக்கம் பார்த்துக் கொஞ்சம், வரகுநாட்டுப் பக்கம் பார்த்துக் கொஞ்சம். இன்னும் இருவர் வந்து அவள் மூட்டையை இழுத்தார்கள். தங்கை இருக்கும் பக்கம் நோக்கி அல்ல. காற்றோட்டத்துக்கு என்று வைத்த கதவு திறந்தது. வெளியே கடற்சாலையில், வழியிலுள்ள மண்டபங்களின் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி நின்றது.

வண்டி ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் அவள் அதைக் கவனித்தாள். பக்கத்து மூட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சடைச்சி தன் மூச்சை அடக்கிக் கேட்டாள். அது ஒரு மூட்டை மட்டுமல்ல. வண்டி முழுக்க, முன்னும் பின்னும், சாக்குகள் மெல்ல உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தன. வண்டிக்காரன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு?" என்றாள் சடைச்சி.

பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "நான் வரகு மூட்டை. வெள்ளச்சி மக குருவம்மா."

சடைச்சி சாக்கோடு அந்தப் பக்கம் புரண்டாள். அந்தப் பெண் தானே தொடர்ந்தது. "மண்டபத்து முரசு பெரியம்மா தட்டுத மாதிரி இல்லன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. அவளுக்கு உப்பில்லாம கால் நிக்கல. சாக்குக்குள்ள குறுகி உக்கார முடியல. அதான் நான் வந்தேன். நீங்க யாரு?"

"நாந்தாம்ளா ஒம் பெரியம்மா" என்றாள் சடைச்சி. அதற்குமேல் முடியாமல் உப்புக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். தங்கையைத் திட்டிய வார்த்தையெல்லாம் நெஞ்சில் குத்தியது.

அழுகை கேட்டு மற்ற மூட்டைகளும் வாய் திறந்தன. ஒன்று தேயிலை நாடு, ஒன்று செம்பு நாடு, ஒன்று தோல் பதனிடும் நாடு. எல்லாருமே எதிர்ப் பக்கத்தார் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லக் கேட்டு, முகத்தைப் பார்த்துவிடக் கிளம்பியவர்கள். எல்லா எல்லையிலும் அதே மண்டபம் இருந்தது. எல்லா மண்டபத்திலும் மூன்று கதவு இருந்தது.

துறைமுகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேகவண்ணர் மாலையோடு நின்று, பெருநிலத்தின் எல்லா நாட்டுப் பண்டங்களும் முதன்முறையாக ஒரே வண்டியில் ஒற்றுமையாக வந்திருக்கின்றன என்று முழங்கினார். கடலாரின் கப்பல் தலைவர் கை தட்டிவிட்டு, மூட்டைகள் பேசுவதுபோல் இருக்கிறதே என்று கேட்டார்.

"பண்டம் பேசும் என்று உடன்படிக்கையில் எங்கும் இல்லை. ஆகவே பேசவில்லை" என்றார் மேகவண்ணர்.

சடைச்சி உள்ளிருந்து கத்தினாள். "ஐயா, நான் மனுசிய்யா. அவுத்து விடுங்க."

மேகவண்ணர் வண்டியருகே வந்து, மூட்டையின்மேல் குனிந்து, மிகவும் அன்பாகப் பேசினார். "யோசித்துச் சொல் அம்மா. மனுஷி என்றால் எல்லை தாண்டிய குற்றம்; தூக்கு. கூட வந்த மூட்டைக்கும் அதுதான். பண்டம் என்றால் உனக்கு எந்த எல்லையும் இல்லை. நீ முழுச் சுதந்திரம் பெற்றவள். நீ யார்?"

பக்கத்துச் சாக்கில் குருவம்மாவின் மூச்சு படபடத்தது சடைச்சிக்குக் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூட்டை பேசவில்லை.

"உப்புதான்" என்றார் மேகவண்ணர் கப்பல் தலைவரிடம். ஈரம் புகாமல் வாயை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார்.

கப்பலின் அடித்தளத்தில் மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். மாடத்தி விட்ட தையல் இடைவெளியில் சடைச்சி கையை நுழைத்துத் துழாவினாள். பக்கத்துச் சாக்கின் கிழிசலிலிருந்து மெலிந்த ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது. அந்தக் கையில் ஒரு பிடி உப்பை வைத்து மூடினாள்.

"தின்னு தாயி. ஒங்கம்மாவுக்குக் குடுக்கணும்னுதான் இருந்தேன். நீ தின்னா அவ தின்ன மாதிரிதான்."

கை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிடி வரகோடு திரும்பி வந்தது. பேரிணைப்பு தொடங்கிய நாளிலிருந்து அந்த இரு நாடுகளுக்கிடையே கைக்குக் கை நடந்த வியாபாரம் அது ஒன்றுதான். கப்பல் நகர்ந்தது.

மறுநாள் பெருநிலத்தின் எல்லாத் தெருக்களிலும் தண்டோரா போட்டார்கள். உவர்நாட்டில் மாடத்தி வாசலில் நின்று கேட்டாள். வரகுநாட்டில் வெள்ளச்சி படுத்த இடத்திலிருந்தே கேட்டாள். பேரிணைப்பு மகத்தான வெற்றி பெற்றுவிட்டது, பண்டங்கள் தாமாகவே விரும்பிப் புறப்பட்டு வருகின்றன, இந்த ஆர்வத்தைப் பாராட்டி இனி மாதந்தோறும் வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்பிவைக்க வேண்டும் என்றது ஆணை. மூட்டையின் உயரமும் எடையும் துல்லியமாகச் சொல்லியிருந்தது. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.