ஐந்து சாரதிகளும் ஒரு சுவைஞரும்

ஆறு தமிழர் ஒரு மேசையில் சேர்ந்தால் அங்கே ஓர் ஒன்றியம் உண்டாகும். ஆகவே சுவிஸின் பீல் நகரத்தில் 'பீல் தமிழ் விஸ்கிச் சுவைஞர் ஒன்றியம்' ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தின்போது, மண்டபத்துக் குசினிக்குப் பின்னால், முறைப்படி ஆரம்பித்து வைக்கப்பட்டதில் வியப்பில்லை. நேற்றுவரை விஸ்கிக்குள் கோலாவை ஊற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர்கள், அன்று முதல் கிளாசைச் சுழற்றி, கண்ணை மூடி, "கடல் மணம் வருது" என்று சொல்லத் தொடங்கினார்கள். வந்தது மீன் பொரியல் மணம். குசினி யன்னல் திறந்துதான் இருந்தது.

தலைவர் தியாகலிங்கம். செயலாளர் தவச்செல்வன். பொருளாளர், உபதலைவர், உபசெயலாளர் என்று ஐந்து பேருக்கும் பதவி கிடைத்துவிட்டது. பதவி இல்லாமல் மிஞ்சியவர் செபஸ்ரியன். அவர் முதியோர் இல்லத்து வான் ஓட்டுகிறவர். லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் சுவிஸ் குடியுரிமை விண்ணப்பமும் குப்பைக்குப் போகும். அவருடைய ஆசை சின்னது. வருசத்தில் ஒருநாளாவது ஸ்டியரிங்கைத் தொடாமல், பயமில்லாமல் நாலு மிடறு குடிக்க வேண்டும்.

மலைப்பக்கம் உள்ள விஸ்கி வடிசாலை ஒன்றுக்குச் சுற்றுலா போவதென்று முடிவானபோது அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, ரயிலிலை போவமே. எல்லாரும் குடிக்கலாம்."

தியாகலிங்கம் புதிதாக லீசிங்கில் எடுத்த கறுப்புக் காரின் திறப்பை மேசையில் வைத்தார்.

"செபஸ்ரியன், ரயிலிலை நாங்கள் அகதியா வந்த காலத்திலை போனனாங்கள்."

பிரேரணை வழிமொழிவாரின்றிக் கைவிடப்பட்டது. அடுத்து, குடிக்காமல் கார் ஓட்டப்போகும் தியாகி யார் என்ற விடயம் ஆராயப்பட்டது. உபதலைவருக்கு அன்றைக்கென்று முழங்கால் நோ வருமாம். பொருளாளருக்கு மலைப்பாதையில் தலைசுற்றுமாம். ஒவ்வொருவரும் மற்றவருடைய சாரதித் திறமையை வாயாரப் புகழ்ந்தார்கள்.

அப்போதுதான் வடிசாலைக்கு ரெலிபோன் எடுத்த தவச்செல்வன் உள்ளே வந்தார்.

"அங்கை ஒரு ஒழுங்கு இருக்கு. கார் ஓடுற ஆள் அங்கை வைச்சுக் குடிக்கேலாது. அவரின்ரை பங்கைச் சின்னப் போத்தில்களிலை அடைச்சு வீட்டை குடுத்து விடுவினமாம். டபுள் அளவு."

முழங்கால் நோ அந்தக் கணமே குணமானது. தலைச்சுற்றும் நின்றது. "சமூகத்துக்காக நான் ஓடுறன்" என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவருடைய தியாகத்தை இன்னொருவர் தடுப்பது அநாகரிகம் என்பதால், ஐவரும் தத்தம் காரைத் தாமே ஓட்டுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"அப்ப ஆர் அண்ணை குடிக்கிறது?" என்றார் செபஸ்ரியன்.

"உமக்கு நிர்வாகம் விளங்காது" என்றார் தலைவர்.

ஒருவருடைய காரில் ஏறினால் மற்ற நால்வருக்கும் கோபம் வரும் என்பதால் செபஸ்ரியன் ரயிலிலேயே போனார். தெரிந்த சனம் கண்டு ஒன்றியத்தின் மானம் போகாதிருக்க, ஒரு ஸ்ரேசன் முன்னதாக இறங்கி நடந்துவரும்படி அவர் பணிக்கப்பட்டார். நடந்தார். வடிசாலை வாசலில் ஐந்து கார்கள் கழுவித் துடைத்து நின்றன.

வழிகாட்டிப் பெண், சாரதி யார் என்று கேட்டாள். ஐந்து கைகள் உயர்ந்தன.

"நல்லது. சுவைக்கப்போகிறவர்கள்?"

ஐந்து கைகளும் இறங்கின; பதவியில்லாத செபஸ்ரியன், தலைவர் சொல்லட்டும் என்று பின்னால் நின்றார்.

"மன்னிக்க வேண்டும். சுவைப்பவர் ஒருவராவது இல்லாமல் இந்நிகழ்வை நடத்த விதியில்லை. நிகழ்வு இல்லாவிட்டால் சாரதிப் போத்தலும் இல்லை."

ஐந்து பேரும் செபஸ்ரியனைப் பார்த்தார்கள். அப்படி ஓர் அன்பை அந்த முகங்களில் அவர் முன்பு கண்டதே இல்லை. அவர் நடுவில் உட்கார்ந்தார். கிளாஸ் கிளாசாக வந்தது. ஐந்து பேரும் சுற்றி நின்று, அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள்.

"எப்பிடி?" என்றார் தலைவர்.

"நல்லாயிருக்கு."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. மணம் சொல்லும்!"

"தும்புக்கயிறு எரிஞ்ச மணம்."

தவச்செல்வன் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். செபஸ்ரியனுக்கோ சொர்க்கம் தெரிந்தது. சிரித்த முகத்தோடு ரயில் ஏறி, யன்னலில் தலையைச் சாய்த்து, பீல் வரும்வரை நித்திரை கொண்டார்.

கார்கள் அவ்வளவு தூரம் வரவில்லை. தலைவருடைய போத்தல்களில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருளாளருக்கு ஒரு சந்தேகம். நீதி விசாரணைக்காக நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள். கண்ணால் பார்த்து முடிவு காண முடியாததால் நாக்கால் பார்த்தார்கள். முறைப்படி, துளித் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். பிறகு அணிவகுத்துக் கிளம்பினார்கள். அடுத்த வளைவில் பொலிஸ் நின்றது.

"நாங்கள் குடிக்கவில்லை, சுவைத்தோம்" என்று தியாகலிங்கம் தன்னால் இயன்ற ஜெர்மனில் விளக்கினார். பொலிஸ்காரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊதச் சொன்னான். ஐந்து லைசென்சும் போயின.

அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. ஐவரும் பஸ்சில் வந்தார்கள். நடந்தது 'தவிர்க்கவியலாத நிர்வாகச் சிக்கல்' என்று பதியப்பட்டது. பிறகு, ஒன்றியத்தில் லைசென்ஸ் உள்ள ஒரே உறுப்பினர் என்ற வகையில், செபஸ்ரியன் 'போக்குவரத்துச் செயலாளர்' ஆக்கப்பட்டார். அடுத்த சுற்றுலாவுக்கு ஒரு வான் வாடகைக்கு எடுத்து ஐவரையும் ஏற்றி இறக்குவது அவர் கடமை. கைதட்டல் எழுந்தது. பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையோடேயே அவர் வீட்டுக்கு வந்தார். புதுப் பதவியின் விவரத்தைக் கேட்ட மனைவி செசீலியா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் இனி ஒரு சொட்டும் குடிக்கேலாதே. அதுக்கு எல்லாருமா ரயிலிலை போகலாம்தானே?"

செபஸ்ரியன் சரிந்த பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார்.

"விசர்க்கதை கதையாதையும், செசீலியா. ரயிலிலை நாங்கள் அகதியா வந்த காலத்திலை போனனாங்கள்."