மழைக்காலத்துல மாத்திரையை நிறுத்துன அண்ணே

உலகத்துல இருக்குற எல்லாத்தையும் ரெண்டே ரெண்டா பிரிச்சு முடிச்ச மனுஷன் எங்க சூடுகுளிர்ச்சி அண்ணே ஒருத்தர்தான். மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி, அது எல்லாருக்கும் தெரியும். இவருக்கு ரயிலு சூடு, பஸ்ஸு குளிர்ச்சி.

வெளிநாட்டுக்கு வந்து, பாபடோயிட்டோயிங்கிற ஊர்ல அவர் வீட்டு முன் ரூம்லதான் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் யாழ்ப்பாணம், தனி ஆளு. நான் திண்டுக்கல் பக்கம், எட்டாவதோட நின்னவ. புக்கெகோஹிங்கிற ஊர்ல வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. எழுத உக்காந்தா கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எந்திரிச்சு எந்திரிச்சு நடந்துட்டுதான் எழுதுறேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டம்மா ஒரு பை நிறைய பிஜோவா குடுத்தாங்க. நம்ம ஊர்ல இல்லாத பழம். சூடா குளிர்ச்சியான்னு தெரியாம அண்ணே தொட மாட்டாரு. கனடா மச்சானுக்குப் போன் போட்டாரு. லண்டனுக்குப் போட்டாரு. ஒருத்தருக்கும் தெரியல. கடைசில எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, தின்னு முடிக்கிற வரைக்கும் என் மூக்கையே பாத்துட்டு இருந்தாரு. நான் தும்மித் தொலைச்சுட்டேன். "குளிர்ச்சி!" தீர்ப்பு சொல்லிட்டு, பையோட கொண்டுபோயி கோயில்ல குடுத்துட்டாரு.

போன கோடையில, புல்லு வெட்டிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாரு. ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ்ல மாஸ்க் மாட்டுறாங்க, அத இறக்கிட்டு என்கிட்ட சொல்றாரு: "பிள்ளை, நேற்று நண்டுக்கறி திண்டனான். சூடு."

ஆஸ்பத்திரில ஸ்டாட்டின்னு கொழுப்பு மாத்திரை குடுத்தாங்க. மலேசியாத் தமிழ் நர்ஸக்கா ஒருத்தங்க பொறுமையா சொன்னாங்க. "அண்ணே, இது கொழுப்பக் கொறைக்க மட்டும் இல்ல. ரத்தக்குழாய் உள்ளுக்குப் புண்ணாட்டம் வீங்கிக் கெடக்கு. அட்டாக் வந்த புதுசுல அது ரொம்ப மோசம். அந்த வீக்கத்தையும் இது தணிக்கும். நீங்களா நிப்பாட்டக் கூடாது ஆ?"

அண்ணே மூஞ்சியப் பாக்கணுமே! "தணிக்குமோ? அப்ப வருத்தம் சூடு, குளிசை குளிர்ச்சி. நான் எவ்வளவு காலமாச் சொல்லுறன்!" வருத்தம்னா அவங்க பேச்சுல நோய், குளிசைன்னா மாத்திரை. டாக்டர் படிப்பே தன்கிட்ட வந்து தோத்துட்ட மாதிரி ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் கோயில்ல, டெய்ரின்னு சொல்ற முக்குக் கடையில, பார்த்தவங்ககிட்டயெல்லாம் இதே கதைதான்.

ஜூலை வந்துச்சு. இந்த நாட்டுல அதுதான் குளிர்காலம். விடாத மழை. அண்ணனுக்கு இருமல். பாத்தா மாத்திரை அட்டை பிரிக்காமக் கெடக்கு.

"அண்ணே, மாத்திரை போடலியா?"

"உனக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ள குளிர்ச்சிக் குளிசையோ? நெஞ்சில சளி கட்டிச் செத்துப்போவன்."

"போடலேன்னாதான் செத்துப்போவீங்க!"

"கத்தாதை பிள்ளை. கத்துறது சூடு."

கிச்சனுக்கும் ஹாலுக்குமா நடந்தேன். நர்ஸக்கா சொன்னதச் சொன்னேன். அது குளிர்ச்சி மாத்திரை இல்ல, வீக்கத்துக்குன்னு சொன்னேன். அழுதேன். சாப்பிட மாட்டேன்னேன். மனுஷன் அசையல, போர்வைய இழுத்துக் காதோட மூடிக்கிட்டாரு. புல்லுல சரிஞ்சு உக்காந்தாரே, அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது.

விறுவிறுன்னு போயி மிளகு ரசம் வச்சு ஒரு டம்ளர்ல ஊத்திட்டு வந்தேன்.

"இது சூடா, குளிர்ச்சியா?"

"இதென்ன கேள்வி? நல்ல சூடு."

"இதக் குடிச்சுட்டு மாத்திரையப் போட்டா?"

கூரையப் பாத்தாரு. வெரல மடக்கி ஏதோ கணக்குப் போட்டாரு. ஒரு பெரிய ஜட்ஜ் மாதிரி தொண்டையச் செருமிட்டு, "சமனாப் போகும்"ன்னாரு. போட்டுட்டாரு!

அந்தக் குளிர் முழுக்க வேலை முடிஞ்சு வந்ததும் எனக்கு ரசம் வைக்கிற டியூட்டி. கையில வெங்காய வாடை போறதுக்குள்ள பூண்டு வாடை. ஒருநாள் உப்பு கூடிருச்சுன்னு திட்டு வேற.

வெயில் வந்துருச்சு, இனி பயமில்லேன்னு நெனச்சேன். போன மாசம் ஒரு காலையில அண்ணே எந்திரிக்கல. முத அட்டாக்குலயே இதயம் ரொம்ப நொந்துருச்சு, மருந்த விடாமப் போட்டதாலதான் இவ்வளவு நாளாவது தாங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு.

நேத்து என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அவரு மருந்து ரெடியா இருக்காம், வந்து வாங்கிக்கணுமாம். மருந்துக்கடையில என் நம்பரத்தான் குடுத்து வச்சிருக்காரு. போன்லயே விஷயத்தச் சொல்லியிருக்கலாம். முடியல. நடந்தே போனேன்.

கடைப் பொண்ணு பையை நீட்டிக்கிட்டே, "உங்க அப்பாவுக்கா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு.

இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.